அழுத்துங்க மிஸ்

ஆய்வு செய்கிறவர்களுக்குக் கணினியின் அடிப்படையைச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பல்கலைக்கழகத்தில் போதனாசிரியர் என்று ஒரு பதவி. விரிவுரையாளர்களும், முதுமாணி, கலாநிதிப் பட்டங்களுக்குப் படிக்கிறவர்களும் என்னிடம் வருவார்கள். தங்கள் துறையில் மணிக்கணக்காகப் பேசக்கூடியவர்கள், கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் பாலர் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிடுவார்கள். தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம். அந்தப் பயத்தைப் போக்குவதுதான் பயிற்சியின் முதல் வேலை. "ஒண்ணும் ஆகாது, தைரியமா அழுத்துங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. இப்போது யாரிடமும் அதைச் சொல்வதில்லை.

ஹட்டனில் ஒரு பயிற்சி வைக்க வேண்டும் என்று விடாமல் கேட்டு வாங்கியவன் நான்தான். வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக்கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்தவன். மலையகத்தைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் இந்த மலைகளிலேயே இருக்கும்போது, இரண்டு நாள் வகுப்புக்காக அவர்கள் ஏன் கீழே இறங்கி வர வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டேன். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பின்னால் எனக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. படிக்கிற காலத்தில் டியூஷனுக்காக நனைந்துகொண்டு ஓடிய அதே ஊரில், 'சேர்' என்று கூப்பிடப்பட்டு, எல்லாருக்கும் முன்னால் நிற்க வேண்டும். அம்மாவிடம் அதைச் சொன்னேன். அம்மா லயத்தில் ஒரு வீடு விடாமல் சொல்லிவைத்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் மண்டபம் கிடைத்தது. வார நாட்களில் டியூஷன் நடக்கும் இடம். நீள மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் யாரோ அழிக்காமல் விட்டுப்போன இரசாயனச் சமன்பாடு. பத்துப் பதினைந்து பேர் தங்கள் மடிக்கணினியோடு வந்திருந்தார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் பூண்டுலோயாவிலிருந்து வந்த ஒரு மிஸ்.

அவர் சமூகவியல் விரிவுரையாளர். ஐம்பதைத் தொடும் வயது. மற்றவர்களும் அவரிடம் படித்தவர்கள்போல 'மிஸ்' என்றே கூப்பிட்டார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் மட்டும் என்னை 'சேர்' என்று சொல்லவில்லை. முதல் நாள் காலையிலேயே "தம்பி, நான் மக்கு. கொஞ்சம் பொறுமையாச் சொல்லிக்குடுங்க" என்றார். ஒரு பெரிய டப்பா நிறைய கடலை அவித்துத் தாளித்துக் கொண்டுவந்திருந்தார். தேநீர் இடைவேளையில் அது எல்லா மேசைக்கும் போய்வந்தது.

தன்னை அறிமுகம் செய்தபோது தன் ஆய்வைப் பற்றி இரண்டு வாக்கியம்தான் சொன்னார். தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா என்று ஒன்று உண்டு. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போகும் இடம். அப்படி விட்டுப்போன தாய்மார்கள், இப்போது வேலையிலிருந்து ஓய்ந்து வீட்டில் இருப்பவர்கள், அந்த நாட்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதுதான் அவருடைய கலாநிதி ஆய்வு. பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வீடு வீடாக ஏறி இறங்கி, இரண்டு வருடமாகப் பேசவைத்துப் பதிவுசெய்திருந்தார்.

நானும் ஒரு பிள்ளைக் காம்பராவில் வளர்ந்தவன்தான். வரிசையாகத் தொங்கிய ஏணைகளும் பால்மா வாசமும் லேசாக நினைவிருக்கிறது. அதைச் சொன்னதும் மிஸ்ஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தன் இயர்போனில் ஒரு பக்கத்தை எடுத்து என் காதில் வைத்தார்.

"இதக் கேளுங்க தம்பி. மேட்டு லயத்து அம்மா ஒருத்தங்க."

கரகரத்த குரல். பின்னால் கோழி கொக்கரித்துக்கொண்டிருந்தது.

"பத்து மணிக்கு மாரு கட்டிக்கும் மிஸ். பால் தானா வடியும். இடுப்புல படங்குச் சாக்கு கட்டியிருப்போம்ல, அதுவரைக்கும் நனைஞ்சிரும். கீழ காம்பராவுல புள்ள அழுவுறது மலைக்குக் கேக்காது. ஆனா மாருக்குத் தெரியும்."

அதற்குள் வகுப்பு தொடங்க நேரமாகிவிட்டது. மிஸ் இயர்போனைச் சுருட்டினார். "இந்த மாதிரி முப்பதுக்கு மேல இருக்கு" என்றார். "ஆனா பேரெல்லாம் போன் தானா வச்ச பேரு. வொய்ஸ் ஒண்ணு, வொய்ஸ் ரெண்டுன்னு. எது யாருதுன்னு தேடியே பாதி நாள் போயிருது. ஒவ்வொண்ணாப் பேரு மாத்த எனக்குப் பொறுமையில்ல."

"நாளைக்கு ஒரே வரியில எல்லாத்துக்கும் பேரு மாத்தக் காட்டுறேன் மிஸ்" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கிருந்த பெருமிதம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கரண்ட் இல்லை. முந்தைய நாள் மழையில் எங்கோ மரம் விழுந்திருந்தது. ப்ரொஜெக்டர் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. எல்லாரும் கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்தபோது காலை வகுப்பு முழுக்கப் போய்விட்டது. தூரத்திலிருந்து வந்தவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பாடத்தில் எதையாவது குறைத்தாக வேண்டும்.

நான் குறைத்தது, பைல்களைப் பத்திரமாகக் கொப்பி, அதாவது பிரதி, எடுத்துவைப்பது பற்றிய பகுதியை. எந்தப் பயிற்சியிலும் அதுதான் இரண்டாம் நாளின் முதல் பாடம். சொந்தத் தரவில் கைவைக்கும் முன்னால் முழுவதையும் வேறோர் இடத்தில் கொப்பி எடுக்க வேண்டும், எடுத்த கொப்பியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒவ்வொருவரையும் செய்யவைப்பேன். அன்றைக்கு வாயால் மட்டும் சொன்னேன். "எல்லாரும் சாப்பாட்டு நேரத்துல ஒரு கொப்பி எடுத்து வச்சுக்கங்க."

சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மிஸ் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கே வந்தார்.

"கொப்பி எடுத்துட்டேன் தம்பி. பென் டிரைவ்ல போட்டிருக்கேன். சரியான்னு பாருங்க."

கையில் குழம்பு ஒட்டியிருந்தது. திரையை எட்டிப் பார்த்தேன். பென் டிரைவுக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு போல்டர் இருந்தது. அதன் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறியும் இருந்தது. அது கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. கொஞ்சம் கணினி தெரிந்தவர்களுக்கு அந்த அம்புக்குறியின் அர்த்தம் தெரியும். அது போல்டர் இல்லை. போல்டர் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் பலகை மட்டும்தான். புதிதாகப் பழகுகிறவர்கள் அடிக்கடி செய்கிற தவறு அது. கொப்பி எடுக்கிறோம் என்று நினைத்து வழிகாட்டியை மட்டும் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். நானே நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"சரி மிஸ், இருக்கு" என்றேன்.

பின்னேரம், கறுப்புத் திரையில் கட்டளைகளை எழுதிப் பார்க்கும் பாடம். பெயர் மாற்றும் வரியை நான் பலகையில் இரண்டு கட்டமாக எழுதுவது வழக்கம். முதலில் சுருக்கமான வடிவம். அதில் எல்லாப் பைல்களுக்கும் ஒரே பெயர்தான் போகும். 'இதை அப்படியே அழுத்தினால் என்ன ஆகும்?' என்று வகுப்பைக் கேட்பேன். யாராவது ஒருவர் யோசித்து, ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுக் கடைசிப் பைல் மட்டும்தான் மிஞ்சும் என்று சொல்வார். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் சேர்க்கும் பகுதியை எழுதுவேன். புரியவைப்பதற்கு நல்ல வழி என்று நானே கண்டுபிடித்துப் பெருமைப்பட்டது அது.

அன்றைக்கு முதல் கட்டத்தை எழுதியதும், பின் வரிசையில் ஒருவருடைய கணினி உறைந்துபோய்விட்டது என்று கூப்பிட்டார்கள். கேள்வியைக் கேட்காமலே போனேன். குனிந்து அதைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது முன் வரிசையிலிருந்து மிஸ்ஸின் குரல் கேட்டது.

"தம்பி, எழுதிட்டேன். அழுத்தவா?"

நான் நிமிரவில்லை.

"அழுத்துங்க மிஸ்."

அந்தக் கறுப்புத் திரைக்கு ஒரு குணம் உண்டு. வேலை நல்லபடியாக முடிந்தாலும் ஒன்றும் சொல்லாது. எல்லாம் நாசமாகப் போனாலும் ஒன்றும் சொல்லாது. அடுத்த கட்டளைக்காகச் சும்மா சிமிட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மிஸ் கேட்டார்.

"தம்பி, இப்ப ஒரு பைல்தான் காட்டுது. மத்ததெல்லாம் வேற எடத்துக்குப் போயிருச்சா?"

நான் நின்ற இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பின் வரிசையிலிருந்து முன் வரிசைக்கு ஓடினேன். திரையைப் பார்த்தேன். பலகையில் நான் எழுதிய வரி, ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது. மிஸ் மிகக் கவனமாகப் படித்து எழுதியிருந்தார்.

மடிக்கணினியை உடனே அணைத்தேன். அதற்கு மேல் ஓர் எழுத்து எழுதப்பட்டாலும் மீட்பது கஷ்டமாகிவிடும். பென் டிரைவை எடுத்து என் கணினியில் போட்டேன். அந்த அம்புக்குறியை அப்போதுதான் உண்மையில் பார்த்தேன். அழுத்தியதும், 'அந்த இடம் இங்கே இல்லை' என்று வந்தது.

"போன்ல இருக்குமே மிஸ்?"

"போன் நெறஞ்சு போச்சுன்னு அப்பப்ப அழிச்சிருவேனே தம்பி. லெப்டொப்ல இருக்குதானேன்னு."

மண்டபத்தில் எல்லாரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஸ்தான் முதலில் பேசினார். குரலைத் தாழ்த்தி, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி பேசினார்.

"நான்தான் அவசரப்பட்டுட்டேன். நீங்க போர்ட்ல இன்னும் எழுதி முடிக்கவே இல்ல."

"இல்ல மிஸ். நான்தான் அழுத்தச் சொன்னேன்."

"நீங்க என் ஸ்கிரீனப் பாத்தா சொன்னீங்க? பாக்காமத்தானே சொன்னீங்க."

என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் அதைச் சொன்னார். நான் செய்த பிழையே அதுதான் என்பது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துதான் சொன்னாரோ என்று இப்போதும் சில நாள் நினைப்பதுண்டு.

மிஞ்சிய ஒரு பைலை, மீட்கும் முயற்சியெல்லாம் முடிந்த பிறகு திறந்து கேட்டோம். தகரக் கூரையில் அடைமழை, தொலைக்காட்சியில் ஏதோ நாடகம், நடுவில் ஒரு பெண், "இப்ப முடியாது மிஸ், அப்புறமா வாங்க" என்கிறார். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இல்லை.

பயிற்சி முடிந்த அன்று பொழுது சாய வட்டவளைக்கு, வீட்டுக்குப் போனேன். மிஸ்ஸின் மடிக்கணினி என் பையில் இருந்தது. வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், என்னைப் பார்ப்பதற்கென்றே.

"எப்படிப்பா நடந்துச்சு?" என்று அம்மா கேட்டார்.

"நல்லா நடந்துச்சும்மா."

"பெரிய பெரிய ஆளுங்கள்லாம் வந்தாங்களாமே? இவன்கிட்டயா படிச்சாங்க?" என்று ஒரு அத்தை வியந்தார். அம்மா என் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தார். நான் அதைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

கொழும்பில் தரவு மீட்டுக்கொடுக்கும் ஒருவரிடம் மடிக்கணினியைக் கொண்டுபோனேன். அவர் ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். பழைய வகை என்றால் அழித்த பிறகும் சுவடு இருக்கும், இந்தப் புதிய வகை அழித்த இடத்தை அப்போதே துடைத்துவிடும் என்று விளக்கினார். எனக்குத் தெரிந்த விஷயம்தான். யாராவது அப்படியில்லை என்று சொல்லமாட்டார்களா என்றுதான் போயிருந்தேன்.

ஹட்டனில் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் எல்லாரும் 'நானா' என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனால்தான் கொஞ்சமாவது கிடைத்தது. மிஸ் முதலில் பாவித்த பழைய போன் வீட்டில் கிடந்தது; அதில் ஒரு மெமரி கார்ட். நானா அதைக் கணினியில் பொருத்தி, என்னென்னவோ செய்து, ஆறேழு பதிவுகளை வெளியே எடுத்தார். பாதி நடுவில் அறுந்தவை. ஒன்றில், "அப்ப என் மூத்த மகனுக்கு…" என்பதோடு குரல் நின்றுவிட்டது.

"இதுக்கு மேல வராது தம்பி" என்றார் நானா. "கொழும்புக்காரங்க மாதிரி நான் படிச்சவன் இல்ல. ஆனா வர்றது இவ்வளவுதான்."

மிஸ் அவருக்கு நன்றி சொன்னார். எனக்கும் சொன்னார். "இதாவது கெடச்சிச்சே. நீங்க இல்லேன்னா இதும் இல்ல."

மிஸ்ஸின் மேற்பார்வையாளர் ஒரு வருடம் கூடுதலாகத் தந்தார். முடிந்தவரை திரும்பவும் போய்ப் பேசுவது என்று முடிவாயிற்று. நானும் கூட வருகிறேன் என்றேன். மிஸ் தயங்கினார். ஒரு ஆம்பிளை பக்கத்தில் இருந்தால் அந்த அம்மாமார் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, மெசின் வேலையெல்லாம் நீங்க பாத்துக்கங்க. பேசும்போது வெளிய நில்லுங்க" என்றார். அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் பூண்டுலோயாவுக்குப் போனேன். பதிவுக் கருவி, அதோடு ஒரு போன், இரண்டையும் வைத்துவிட்டு வீட்டின் முன்திண்ணையான இஸ்தோப்பில் நிற்பேன். மிஸ் வெளியே வந்ததும், அந்த இடத்திலேயே, இரண்டிலும் குரல் விழுந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பேன்.

குரல் விழுந்திருந்தது. ஆனால் பேச்சு முன்பு மாதிரி இல்லை என்று மிஸ் சொன்னார். முதல் தடவை ஒரு மணி நேரம் பேசியவர்கள் இப்போது கொஞ்ச நேரத்தில் முடித்துவிட்டார்கள். "அதான் அன்னிக்கே சொன்னேனே மிஸ்" என்று அடிக்கடி கேட்டது. ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லும்போது மனிதர்கள் முடிவை மட்டும் சொல்கிறார்கள். அங்கே போய்ச்சேர்ந்த வழியை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு அம்மா வாசலிலேயே மறுத்துவிட்டார். கோபமாக இல்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மறுத்தார்.

"உங்கள நம்பி ஒருக்கா எல்லாத்தையும் எறக்கி வச்சேன் மிஸ். செத்துப்போன புள்ளயப் பத்திச் சொன்னது உங்ககிட்ட மட்டுந்தான். அதுக்கப்புறம் ஒரு கிழம தூக்கமில்ல. இப்பத் திரும்பவும் தூக்கச் சொல்றீங்க. என்னால ஏலாது."

மிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா, வேணாம்" என்றார். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு இஸ்தோப்பில் நின்றிருந்தேன். அந்தப் பிள்ளையின் கதை மிஸ்ஸின் மனதில் இருக்கலாம். அந்தத் தாயின் வாயால் இனி வராது. எந்தக் கருவியைக் கொண்டுபோய் வைத்தாலும் வராது.

மேட்டு லயத்து அம்மாவைக் கடைசியாகப் பார்க்கலாம் என்று சொன்னது நான். அந்த லயத்துக்கு ஏறும் பாதை செங்குத்து, மழைக்காலத்தில் வழுக்கும், மிஸ்ஸுக்கு முழங்கால் வலி. மழை விட்டதும் போகலாம் மிஸ், அந்தம்மா நல்லா திடமாத்தானே இருக்காங்க என்று சொன்னேன். மழை விட்டு நாங்கள் ஏறிப்போனபோது வாசலில் பந்தல் கழிகள் இன்னும் பிடுங்கப்படாமல் இருந்தன. அவர் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

மகள்தான் வீட்டில் இருந்தார். நாற்பது வயதிருக்கும், அவரும் கொழுந்து பறிக்கிறவர். எங்களை உட்காரவைத்துவிட்டு, மாலை போட்ட படத்தைக் காட்டினார். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது. அதற்குப் பிறகு அவர் கேட்டதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"நல்லவேளை வந்தீங்க மிஸ். அம்மா கொரலு எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. போன்ல பேசும்போது யாரு புடிச்சு வைக்கிறா? நீங்கதான் அன்னிக்கு ரொம்ப நேரம் பேசவச்சு எடுத்தீங்க. எங்க தம்பி வெளிநாட்டுல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கான். அதக் கொஞ்சம் எங்களுக்குப் போட்டுக் காட்டுங்களேன்."

மிஸ் என்னைப் பார்க்கவில்லை. "அது என் கையால அழிஞ்சிருச்சும்மா" என்றார்.

"இல்லீங்கக்கா" என்றேன். "நான்தான். நான் சொல்லிக்குடுத்த வகுப்புல, நான் பாக்காம அழுத்தச் சொல்லி, அழிஞ்சிருச்சு. மிஸ் மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் எதை அழுத்தினார்கள் என்பதெல்லாம் அவருக்கு என்ன ஆகப்போகிறது? முகம் ஒரு கணம் வாடியது. பிறகு எங்களைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிட்டார்.

"மெசினுதானே. அது கெட்டா நீங்க என்னங்க பண்ணுவீங்க. விடுங்க."

எனக்குத் தாங்கவில்லை. "ஒரு துண்டு நான் கேட்டிருக்கேன்" என்றேன். மிஸ் ஆச்சரியத்தோடு திரும்பினார். நான் கேட்டதை, வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவிருந்தபடி, சொன்னேன். பத்து மணிக்கு மார் கட்டிக்கொள்வது, படங்கு நனைவது, பிள்ளை அழுவது மலைக்குக் கேட்காது, ஆனால் மாருக்குத் தெரியும் என்பது.

அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியா சொல்லிச்சு அம்மா? எங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல." மாலை போட்ட படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மூத்தவ நான்தான். அப்ப அது நானாத்தான் இருக்கணும்" என்றார்.

வெளியே யாரோ, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்துப் பக்கம் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து போகவில்லை.

"அதச் சொல்லும்போது அம்மா அழுதுச்சாங்க?"

"இல்லீங்கக்கா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க."

அவர் முகம் தெளிந்தது. "ஆமா. அதான் அம்மா. எதையும் சிரிச்சுக்கிட்டே சொல்லும்" என்றார்.

கீழே இறங்கி வரும்போதுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. அந்த வாக்கியத்தின் முடிவில் ஒரு சத்தம் கேட்டது உண்மை. அது சிரிப்பா, இருமலா, அழுகையை விழுங்கியதா? நான் அரை நிமிடம் கேட்டேன், அதுவும் ஒரு காதில். மகள் கேட்டபோது எது நல்லதோ அதைச் சொல்லிவிட்டேன். அந்தக் குடும்பம் இனி அந்த அம்மாவை அப்படித்தான் நினைவு வைத்திருக்கும். வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கும் அப்படித்தான் போய்ச்சேரும். சரிதானா என்று திரும்பப் போட்டுக் கேட்க ஒரு வழியும் இல்லை. மிஸ்ஸிடம் கேட்டேன்.

"மிஸ், அவங்க சிரிச்சாங்களா?"

மிஸ் வழுக்கும் கல்லில் காலை ஊன்றிக்கொண்டு நின்றார். "எனக்கும் சரியா ஞாபகம் இல்ல தம்பி" என்றார். "திரும்பக் கேட்டுக்கலாம்னு நெனச்சுத்தானே நானும் அன்னிக்கு முழுசாக் கேக்கல."

பயிற்சிகளை நான் நிறுத்தவில்லை. நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். அது எனக்கு வசதியான தண்டனை, வேறு யாருக்கும் பயனில்லை என்று தோன்றியது. இப்போது சொந்தத் தரவை யாரும் கொண்டுவரக் கூடாது. பழகுவதற்கென்று நானே பைல்கள் தருகிறேன். கரண்ட் போனாலும் பஸ் போனாலும் கொப்பி எடுக்கும் பாடத்தைக் குறைப்பதில்லை. யாராவது 'அழுத்தவா சேர்?' என்று கேட்டால் அவர் நாற்காலிவரை நடந்துபோய்த் திரையைப் பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறேன். வகுப்பு மெதுவாகப் போகிறது என்று குறை சொல்கிறார்கள். நல்ல பழக்கம் என்று பாராட்டுகிறவர்களும் உண்டு. பாராட்டும்போது எனக்கு மிஸ்ஸின் முகம்தான் வருகிறது.

மிஸ் ஆய்வை முடித்துவிட்டார். முதலில் நினைத்ததைவிடச் சின்ன ஆய்வு. திரும்பப் பேசியவர்களையும், நானா மீட்டுக்கொடுத்த துண்டுகளையும் வைத்து எழுதினார். ஏன் அவ்வளவுதான் இருக்கிறது என்பதை ஒரு பத்தியில் நேர்மையாகச் சொல்லியிருந்தார்: பயிற்சியொன்றின்போது ஏற்பட்ட தவறினால் பதிவுகள் இழக்கப்பட்டன என்று. யாருடைய தவறு என்று எழுதவில்லை. நன்றியுரையில் மட்டும், கணினி விஷயங்களில் உதவியதற்காக என்னைக் குறிப்பிட்டிருந்தார். அந்தப் பக்கத்தை நான் ஒருமுறைதான் படித்தேன்.

பட்டம் கிடைத்ததும் பூண்டுலோயாவில் அவர் வீட்டில் சின்ன விருந்து வைத்தார். போகாமல் இருக்கப் பார்த்தேன். இரண்டு தடவை போன் எடுத்துக் கூப்பிட்டார். வீடு நிறைய உறவுக்காரர்கள். என்னை ஒவ்வொருவரிடமும் கூட்டிப்போய், "இந்தத் தம்பிதான் எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்குடுத்தவரு. பாவம், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என்கூட மலையெல்லாம் ஏறினாரு" என்றார். அவர்கள் எனக்கு நல்ல இடத்தில் இலை போட்டு, கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

பஸ் நிறுத்தம்வரை மிஸ் கூட வந்தார். மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. கடைகளில் விளக்கு போட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரம் அவருடைய மாணவர்களைப் பற்றிப் பேசினோம். பிறகு அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வீதியைப் பார்த்தபடி கேட்டார்.

"தம்பி, நீங்க இன்னும் அதயே நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா?"

பொய் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது.

"ஆமா மிஸ்."

மறந்துவிடுங்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அத்தனை நாளும் அப்படித்தான் சொல்லிவந்தார்.

"நானுந்தான்" என்றார் மிஸ்.

பஸ் வந்து நின்றது. ஏறிக்கொண்டேன். கூட்டம் அதிகம், உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். மிஸ் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, முழங்காலைப் பார்த்துப் பார்த்து, மெதுவாக வீட்டுக்குப் படியேறிக்கொண்டிருந்தார்.